சீல் வைத்தால் மட்டும் போதுமா?

ஓர் உணவகத்தில் சாப்பிட்டவர்களுக்கு வாந்தி, பேதி என்று செய்தி வந்துவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பது நமக்கு மனப்பாடம். அதிகாரிகள் சோதனைக்குப் போவார்கள். பழைய இறைச்சியைப் பறிமுதல் செய்வார்கள். கடைக்கு சீல் விழும். 2022 மே மாதம் கேரளத்தின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட மாணவி இறந்தபோதும், 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமியைப் பறிகொடுத்தபோதும் இதைத்தான் பார்த்தோம். 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது. எல்லாமே தேவையான நடவடிக்கைகள்தான். ஆனால், கெட்ட உணவு வயிற்றுக்குள் போய்விட்ட பிறகு என்ன செய்வது, எந்த அறிகுறியைக் கண்டால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதை இந்தப் பரபரப்பில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. உயிர் காக்கும் செய்தி அதுவல்லவா?

வயிறு கலக்கினால் மெடிக்கல் ஷாப்பில் ‘பேதி நிற்க ரெண்டு மாத்திரை’ கேட்டு வாங்குவது நம் பழக்கம். இதைத்தான் முதலில் விட வேண்டும். காய்ச்சலோ ரத்தமோ சேர்ந்த பேதியை மாத்திரை போட்டு அடக்கினால், வெளியேற வேண்டிய கிருமியும் நச்சும் குடலிலேயே தங்கி நோயை முற்றவைக்கும். குழந்தைகளுக்கு டாக்டர் சொல்லாமல் அந்த மாத்திரையைத் தரவே கூடாது. கடைசியாகச் சாப்பிட்டதன் மேலேயே பழியைப் போடுவது அடுத்த தவறு. ஸ்டெஃபைலோகாக்கஸ் நச்சு அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தியைக் கிளப்பும். சால்மோனெல்லாவோ 6 மணி நேரத்திலும் வேலையைக் காட்டலாம், 6 நாள் கழித்தும் காட்டலாம். ஞாயிற்றுக்கிழமை விருந்தின் விளைவு புதன்கிழமை தெரியலாம் என்பதால், டாக்டரிடம் பல நாள் சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். ‘வாடையே வரவில்லையே, சூடு பண்ணித்தானே சாப்பிட்டோம்’ என்பதும் சமாதானம் ஆகாது. நோய் தரும் கிருமிகள் பல, உணவின் வாசத்தையோ ருசியையோ மாற்றுவதில்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் நச்சு மறுபடி சூடுபடுத்தினாலும் அழியாது.

‘வயிற்றுப்போக்கு வந்தவர்களெல்லாம் கிளம்பினால் ஆஸ்பத்திரி தாங்குமா?’ என்று கேட்கலாம். எல்லோரும் போக வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு ஓய்விலும் நீராகாரத்திலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். யார் போக வேண்டும் என்று தெரிந்திருந்தால்தான் கூட்டமும் குறையும். மலத்தில் ரத்தம், 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, மூன்று நாளாகியும் நிற்காத பேதி, நாக்கு வறண்டு சிறுநீர் குறைந்து எழுந்தால் தலைசுற்றுவது - இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ அது நரம்பைத் தாக்கும் நச்சின் அறிகுறியாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், சர்க்கரை நோயாளி என்றால் இந்த அறிகுறிகளுக்காகக்கூடக் காத்திருக்கக் கூடாது.

பேதியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வற்றிப்போவதுதான். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கொடுத்தே எண்ணற்ற உயிர்களை மீட்டார் டாக்டர் திலீப் மஹாலனபிஸ். அத்தகைய கரைசலுக்கான ஓஆர்எஸ் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனாலும் நம் வீடுகளில் குளிர்பானத்தையும் பாக்கெட் ஜூஸையும் ஊற்றிக் கொடுக்கிறோம். அவற்றின் மிகுந்த சர்க்கரை பேதியைக் கூட்டவே செய்யும். எனவே அரசுக்கு ஒரு கோரிக்கை: பேதிக்கு மருந்து கேட்டு வருபவருக்கு ஓஆர்எஸ் பொட்டலத்தையும், ஆபத்து அறிகுறிகள் அச்சிட்ட துண்டுச் சீட்டையும் சேர்த்தே தர வேண்டும் என்று எல்லா மருந்துக் கடைகளுக்கும் உத்தரவிடுங்கள். பள்ளிப் பாடத்திலும் இதைச் சேருங்கள். உணவகச் சோதனைகள் ஒருபக்கம் தொடரட்டும். அறிகுறிகளைச் சொல்லித்தரும் வேலை இன்றே தொடங்கட்டும்.