பழைய பண்ணை வீடும் வடமேற்குக் காற்றும்

வடக்கு டகோட்டா விவசாயிகளிடம் ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு. வட துருவத்துக்கும் தங்கள் ஊருக்கும் நடுவே காற்றைத் தடுக்க ஒரே ஒரு முள்கம்பி வேலிதான் இருக்கிறது, அதுவும் போன வாரம் சாய்ந்துவிட்டது என்பார்கள். சிரிப்புக்காகச் சொல்வதுதான். ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் அதில் பொய் அதிகமில்லை. டெக்சாஸிலிருந்து நெப்ராஸ்கா, டகோட்டாக்கள் வழியாகக் கனடாவின் சஸ்காட்செவன் வரை விரிந்து கிடக்கும் அந்தப் பெரும் சமவெளியில் வடக்கே குறுக்கிட மலை கிடையாது. காடும் அரிது. ஆர்க்டிக் குளிர் நேராக இறங்கி வரும். சமவெளியின் வட பாதியில் ஜனவரி மாதம் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் என்பது பெரிய செய்தியே இல்லை.

அங்கே பண்ணைகளில் நூறு வயதைத் தாண்டிய மரவீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. தாத்தா கட்டியது, அப்பா ஓர் அறை சேர்த்தது, பிள்ளைகள் இப்போது குடியிருப்பது. புகாரும் பரம்பரையாக வருவதுதான். ஹீட்டர் நிற்காமல் ஓடுகிறது, கால் மட்டும் சில்லிட்டே கிடக்கிறது. மாடியில் வேர்க்கிறது, கீழே கம்பளி தேவைப்படுகிறது.

என்ன செய்வது என்று கேட்டால் பலரும் ஜன்னலைத்தான் கை காட்டுவார்கள். ஆயிரக்கணக்கான டாலரைக் கொட்டிப் புது ஜன்னல் போட்டுவிட்டு, அடுத்த குளிர்காலத்திலும் அதே கம்பளிக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. குளிர் வரும் வழி பெரும்பாலும் வேறு.

வானிலை அறிவிப்பில் ‘காற்றுக் குளிர்’ என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 33 போல இருக்கும். இந்தக் கணக்கு மனிதர்களுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. எவ்வளவு காற்று அடித்தாலும் சுவரின் வெளிப்பக்கம் மைனஸ் 20க்குக் கீழே போய்விடாது. காற்று செய்யும் வேலை வேறு. வடமேற்குச் சுவரில் மோதி, கிடைக்கிற இடுக்கிலெல்லாம் உள்ளே நுழையும். எதிர்ப்பக்கச் சுவர் வழியாக, காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றை உறிஞ்சிக்கொண்டு போகும்.

இதில் ஒரு வேடிக்கை, அந்தச் சமவெளியின் முதல் குடியேறிகள் கட்டிய வீடுகளில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை என்பது. 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 160 ஏக்கர் நிலத்தை வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு வெட்டுவதற்கு மரமே இல்லை. புல்வேர்கள் பின்னிக் கிடந்த மண்ணைச் செங்கல் போலப் பெயர்த்து அடுக்கி, இரண்டு மூன்றடி கனத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். மழை பெய்தால் கூரை ஒழுகும், சுவரிலிருந்து பாம்பு எட்டிப் பார்க்கும். ஆனாலும் குளிர்காலத்தில் கதகதப்பு. பிறகு ரயில் வந்தது, ரயிலில் பலகை வந்தது. மண் வீட்டை விட்டுப் பலகை வீட்டுக்குப் போவது கௌரவமாகிவிட்டது. அந்தக் கௌரவத்தின் கனம் சில அங்குலம்தான். பலகைக்கும் உள்பூச்சுக்கும் நடுவே ஒன்றுமே கிடையாது.

அந்த ஊர்க் குளிர் விளையாட்டுக் காரியமல்ல. 1888 ஜனவரி 12 அன்று, காலையில் இதமாக இருந்த வானிலை சில மணி நேரத்தில் பனிப்புயலாக மாறியது. பள்ளிக்கூடத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் உட்பட இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. ‘குழந்தைகளின் பனிப்புயல்’ என்றே அதற்குப் பெயர்.

அந்தப் பலகை வீடுகளின் எலும்புக்கூட்டில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது. ‘பலூன் ஃபிரேம்’ என்ற முறையில் பல வீடுகளைக் கட்டினார்கள். சுவருக்குள் நிற்கும் மரச்சட்டங்கள் அடித்தளத்திலிருந்து கூரை வரை ஒரே நீளமாகப் போகும். இரண்டு சட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி கணு இல்லாத மூங்கில் குழாய் மாதிரி. கீழே நிலவறையில் ஒரு வாய், மேலே பரணில் ஒரு வாய். சூடான காற்று மேலே ஏறிப் பரண் வழியாகத் தப்பிக்கும். அந்த இடத்தை நிரப்ப நிலவறைப் பக்கமிருந்து குளிர்க்காற்று உள்ளே வரும். வீடே ஒரு புகைபோக்கியாக வேலை செய்யும். காற்றடிக்கும் நாளில் அந்தப் புகைபோக்கிக்கு வேகம் கூடிவிடும். மாடியில் வேர்ப்பதும் கீழே கால் சில்லிடுவதும் இதனால்தான்.

முன்னோர்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்திருந்தது. இலையுதிர் காலம் முடிவதற்குள் வைக்கோல் கட்டுகளை வீட்டின் அடிப்பகுதியைச் சுற்றி, பாவாடை கட்டிவிட்டது போல அடுக்கிவிடுவார்கள். மேலே பனி விழுந்து மூடினால் இன்னும் நல்லது. எலிக்குக் கொண்டாட்டம், தீப்பிடிக்கும் பயமும் உண்டு. இருந்தாலும் கால் சூடாக இருந்தது. மரம் கிடைக்காத நெப்ராஸ்கா மணல்மேட்டுப் பகுதியில் வைக்கோல் கட்டுகளாலேயே சுவர் எழுப்பிப் பூசியவர்களும் உண்டு. ஆர்தர் என்ற சிற்றூரில் 1928இல் அப்படிக் கட்டிய தேவாலயம் இன்னமும் நிற்கிறது.

இன்று அந்த வேலைக்குத் தொடக்கம் ஓர் ஊதுபத்தி. நன்றாகக் காற்றடிக்கிற நாளில் பற்றவைத்து, சுவரிலுள்ள பிளக் பாயின்ட், தரைக்கும் சுவருக்கும் சேரும் மூலை, பரணுக்கு ஏறும் கதவு, குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினால், புகை எங்கே கோணுகிறதோ அங்கே ஓட்டை. முறையாகப் பார்க்கிறவர்கள் ‘புளோயர் டோர்’ கொண்டுவருவார்கள். வாசல் நிலையில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி வீட்டுக் காற்றை வெளியே இழுத்தால், ஒளிந்திருக்கும் இடுக்கெல்லாம் சீறிக் காட்டிக்கொடுக்கும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 1976 முதல் நடக்கும் மத்திய அரசின் உதவித் திட்டத்தில் இந்தச் சோதனை இலவசம். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் இருப்பது வீண் ரோஷம்.

ஓட்டைகளை அடைக்கும் வரிசையும் முக்கியம். முதலில் உச்சி, அடுத்து அடி, கடைசியில் நடு. பரணில் பழைய கண்ணாடி இழைப் பஞ்சு கிடந்தால் அதைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அடியில் கரிப்பிடித்தது போலக் கறுத்திருந்தால், பல வருடங்களாக வீட்டுக் காற்று அந்த வழியே போய்க்கொண்டிருந்திருக்கிறது, பஞ்சு வெறும் தூசி வடிகட்டியாக இருந்திருக்கிறது என்று அர்த்தம். மார்கழி அதிகாலையில் ஸ்வெட்டர் மட்டும் போட்டுக்கொண்டு பைக் ஓட்டியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். கம்பளி சூட்டைக் காக்கும், காற்றைத் தடுக்காது. அதனால் பஞ்சைக் கூட்டுவதற்கு முன்னால் சுவர்க் குழாய்களின் மேல்வாயையும் மின்கம்பி இறங்கும் துளைகளையும் அடைத்தாக வேண்டும். புகைபோக்கியைச் சுற்றியுள்ள இடைவெளிக்கு மட்டும் ஃபோம் கூடாது. தகரம் வெட்டிப் பொருத்தி, சூடு தாங்கும் சீலன்ட் பூச வேண்டும்.

பிறகு நிலவறை. அஸ்திவாரச் சுவரின் தலையில் மரம் உட்காரும் விளிம்பில், தெர்மாக்கோலை விடக் கெட்டியான ஃபோம் பலகையைத் துண்டு துண்டாக வெட்டிச் செருகி, ஓரங்களை ஸ்ப்ரே ஃபோமால் அடைப்பார்கள். ஒரு சனி ஞாயிறு வேலை. கொடுத்த காசுக்கு இவ்வளவு பலன் தருகிற வேலை அந்த வீட்டில் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

இதற்கப்புறம்தான் நிரப்பும் வேலை. வடக்குச் சமவெளிப் பரணுக்கு அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் அளவை எட்ட, செல்லுலோஸ் என்றால் ஒன்றேகால் அடிக்கு மேல் போட வேண்டும். செல்லுலோஸ் என்பது பழைய செய்தித்தாளைத் துருவி, தீப்பிடிக்காதிருக்கப் போரேட் உப்புக் கலந்தது. சுவருக்கும் அதுவே. வெளிப்பலகையில் துளையிட்டு, குழாய் விட்டு, இறுக்கமாக ஊதி நிரப்பினால் மூங்கில் குழாய்க்குள் காற்று ஓடுவது அநேகமாக நின்றுவிடும். தீப்பிடித்தால் அதே குழாய் வழியாக மாடிக்குத் தாவும் ஆபத்தும் குறையும். ஜன்னல் கடைசி. பழைய மர ஜன்னலைச் செப்பனிட்டு, வெளியே இன்னொரு கண்ணாடிச் சட்டம் மாட்டினால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். பணம் இல்லாத வருடத்தில் உள்பக்கம் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, தலைமுடி உலர்த்தும் டிரையரால் சூடு காட்டி விறைக்க வைப்பார்கள். அழகாக இருக்காது, வேலை செய்யும்.

ஆனால் பரணில் கை வைக்கும் முன்பு நிறுத்திப் பார்க்க வேண்டியவை மூன்று உண்டு. பளபளக்கும் சிறு கூழாங்கல் போல ஏதாவது கொட்டிக் கிடந்தால் அது வெர்மிகுலைட்டாக இருக்கலாம். 1990இல் மூடப்பட்ட மான்டானா மாநிலத்து லிபி சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அமெரிக்காவில் விற்றதில் பெரும்பகுதி அந்தச் சுரங்கத்துச் சரக்குதான். லிபி ஊர்க்காரர்கள் நூற்றுக்கணக்கில் அதற்கு உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். கிளறக் கூடாது, கூட்டக் கூடாது, பயிற்சி பெற்றவர்களைத்தான் கூப்பிட வேண்டும். இரண்டாவது, பீங்கான் குமிழ்களில் ஓடும் பழைய மின்கம்பி. அது சூட்டைக் காற்றில் விட்டுத் தணிவதற்கென்றே அமைந்தது. அதைப் பஞ்சுக்குள் புதைப்பது தீயைப் புதைப்பது.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும் விட மோசம். ஓட்டை வீட்டில் ஃபர்னஸுக்கும் வெந்நீர் ஹீட்டருக்கும் எரிவதற்கான காற்று அந்த ஓட்டைகள் வழியாகவே கிடைத்துக்கொண்டிருந்தது. வீட்டை இறுக்கி அடைத்தபின் சமையலறை விசிறியைப் போட்டால், புகைபோக்கி வழியே போக வேண்டிய புகை திரும்பி வீட்டுக்குள்ளேயே இறங்கலாம். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, தூக்கம் போன்றவைதான் அறிகுறி. எரிகலன்களைச் சோதிக்காமல், படுக்கையறைப் பக்கம் அலாரம் மாட்டாமல் வீட்டை அடைப்பவர் தன் குடும்பத்தைப் பணயம் வைக்கிறார்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கிறவர்கள் 2014 ஜனவரியை நினைத்துக்கொள்ளலாம். பல பண்ணைகளுக்குக் குழாய் எரிவாயு கிடையாது. முற்றத்தில் வெள்ளைத் தொட்டியில் புரொப்பேன் வாங்கி வைப்பதுதான் வழக்கம். அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் மக்காச்சோளம் ஈரமாக அறுவடையாகி, அதை உலர்த்தவே எக்கச்சக்கமாக புரொப்பேன் போய்விட்டது. பின்னாலேயே கடுங்குளிர். மத்திய மேற்கு மாநிலங்களில் சராசரி விலை காலனுக்கு 4 டாலரைத் தாண்டியது. ஓட்டை வீட்டுக்காரர்கள் அறைகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வெளியே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. 1930களின் புழுதிப்புயலுக்குப் பிறகு, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காலத்தில், வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை சுமார் 22 கோடி மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். நிலத்தைக் காக்க நட்டவை. இப்போது பெரிய இயந்திரங்கள் திரும்ப இடம் வேண்டுமென்று பல வரிசைகளை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள், அதைப் பற்றி வருந்தாதவர்களே அதிகம். வீட்டைச் சுற்றி நிற்கும் வரிசையையாவது விட்டுவைக்கலாம். வடக்கிலும் மேற்கிலும் ஸ்ப்ரூஸ், சீடர் போன்ற இலையுதிராத மரங்கள் நெருக்கமாக நின்றால், மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் தணியும். புதிதாக நடுகிறவர்கள் வாசலை ஒட்டி நட்டுவிடக் கூடாது. காற்று சுமந்து வரும் பனியை மரம் தன் காலடியிலேயே கொட்டும், பிறகு பிப்ரவரி முழுக்க வாசலைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். காற்று வரும் பக்கத்து வெளி வரிசை வீட்டிலிருந்து நூறு முதல் இருநூறு அடி தள்ளி இருக்க வேண்டும்.