விளக்கை அணைக்கச் சொல்லும் பெட்டி

சென்ற மாதம் திருச்சியில் அக்கா வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். ஹாலுக்குள் நுழைந்ததுமே ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. டிவியைக் காணோம். அது மாட்டியிருந்த இடத்தில் புதிதாக வெள்ளையடித்த சுவர். "டிவி எங்கக்கா?" என்றேன். அக்கா பதில் சொல்லவில்லை, விரலை மேலே காட்டினாள். சீலிங்கில் ஒரு சின்னப் பெட்டி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. புரொஜெக்டர். அக்கா மகன் வாங்கி மாட்டியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய 43 இன்ச் டிவி, மாடி அறையில் கட்டிலுக்குப் பின்னால் போர்வை போர்த்திக் கிடக்கிறது.

"இனிமே நம்ம வீட்டிலேயே தியேட்டர் மாமா. 100 இன்ச்!" என்றான் பையன். பையன் என்று சொல்கிறேனே தவிர அவனுக்கு 45 வயது.

சாயந்திரம் ஆறரை மணிக்கு அக்கா சாமி விளக்கை ஏற்றினாள், ஹாலில் டியூப்லைட்டைப் போட்டாள். ஏழு மணிக்கு அவன் வந்து ஜன்னலைச் சாத்தினான், திரைச்சீலையை இழுத்துவிட்டான், டியூப்லைட்டை அணைத்தான். சுவரில் படம் வந்தது. பெரிய படம்தான், மறுக்கவில்லை. அக்கா மடியில் முருங்கைக்கீரை. கொஞ்ச நேரம் இருட்டில் தடவித் தடவி உருவிப் பார்த்தாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். நான்கு நாளும் இதேதான். அங்கே முக்காலி போட்டு உட்கார்ந்து, ஹாலிலிருந்து வரும் சத்தத்தை வைத்துக் கதையை யூகித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் உள்ளேயிருந்தே கேட்டாள்: "இப்ப யாருடா அழறது?"

அவனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. (கொஞ்சம் அதற்காகவும்தான்.) நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் இப்போது இந்தப் பேச்சு நடக்கிறது. மகனோ மாப்பிள்ளையோ "டிவியா, புரொஜெக்டரா?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். யூடியூபைப் பார்த்து அவர்கள் முடிவெடுத்து இரண்டு வாரம் ஆகியிருக்கும், அது வேறு விஷயம். என் பதில் இது: வயதானவர்கள் புழங்கும் வீட்டில், எல்லாரும் உட்காரும் ஹாலில், புரொஜெக்டர் வேண்டாம். டிவி போதும்.

நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியவன். அதனால் பௌதிகத்தில் இருந்தே ஆரம்பிக்கிறேன், பயப்பட வேண்டாம். டிவியை அணைத்துவிட்டுப் பாருங்கள். திரை கறுப்பு. புரொஜெக்டரை அணைத்துவிட்டுப் பாருங்கள். சுவர் வெள்ளை. புரொஜெக்டரால் வெளிச்சத்தைக் கொட்டத்தான் முடியும், இருட்டைக் கொட்ட முடியாது. ஆகவே படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம், கதாநாயகியின் கூந்தல் உட்பட, அந்த நேரத்தில் அந்தச் சுவர் எப்படித் தெரியுமோ அப்படித்தான் தெரியும். அதனால்தான் அந்தப் பெட்டி விளக்கை அணைக்கச் சொல்கிறது.

எவ்வளவு தூரத்துக்கு என்று கணக்குப் போடலாம். 100 இன்ச் படம் என்றால் அகலம் சுமார் ஏழேகால் அடி, உயரம் நான்கு அடிக்குச் சற்று அதிகம். பரப்பு இரண்டே முக்கால் சதுர மீட்டர். மலிவு விலைப் பெட்டிகள் உண்மையாகத் தருவது பெரும்பாலும் 200 லூமென் அளவில்தான். அதை இந்தப் பரப்பில் பரப்பினால் சுவரில் விழுவது 73 லக்ஸ். அக்கா வீட்டு ஹாலில் டியூப்லைட் எரியும்போது அதே சுவரில் செல்போனை வைத்து அளந்தேன், 60 லக்ஸ் காட்டியது. செல்போன் அளவு துல்லியமில்லை, குத்துமதிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஆக, படத்தின் கறுப்பு 60, வெள்ளை 133. வெள்ளைக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் இரண்டு மடங்கு சொச்சம். பகலில் ஜன்னலைத் திறந்தால் ஒன்றரை மடங்குகூடத் தேறாது. படம் சாயம்போன வேட்டி மாதிரி இருக்கும்.

"பெட்டியில் 9,000 லூமென் என்று போட்டிருக்கே மாமா" என்றான். போட்டிருக்கும். அளவு முறையைச் சொல்லாமல் வெறும் லூமென் என்று யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஆன்சி லூமென் அல்லது ஐ.எஸ்.ஓ. லூமென் என்று இருந்தால்தான் திரையில் விழும் வெளிச்சத்தை முறைப்படி அளந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஹாலில் எரியும் 20 வாட் எல்.இ.டி. டியூப் ஏறக்குறைய 2,000 லூமென் தருகிறது. 9,000 என்றால் நாலரை டியூப்லைட். அந்தச் சின்னப் பெட்டிக்குள் நாலரை டியூப்லைட் இருந்தால் சுவரைப் பார்க்கவே கண் கூசியிருக்க வேண்டாமா? இதே பெட்டியில் "4கே சப்போர்ட்" என்றும் இருந்தது. 4கே படத்தை வாங்கிக்கொள்ளும் என்றுதான் அதற்குப் பொருள். காட்டுவது அதில் நாலில் ஒரு பங்கு புள்ளிகளாகவோ அதற்கும் குறைவாகவோ இருக்கலாம். மின்விசிறியின் இறக்கை குறுக்கே வருகிறது என்று பெட்டியைத் தள்ளி மாட்டி, கோணலான படத்தை ரிமோட்டால் நேராக்கியிருக்கிறான். அப்படி நேராக்குவதிலும் கொஞ்சம் புள்ளிகள் போய்விடும். இதையெல்லாம் சொன்னால் "அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது மாமா" என்கிறான். பிறகு எதற்கு 4கே என்று பார்த்து வாங்கினாயாம்?

எனக்கு ரொம்பக் கோபம் வருவது இன்னொரு பேச்சில்தான். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணுக்கு நல்லது, டிவி வெளிச்சம் கெடுதல், ஆகவே வயதானவர்களுக்கு புரொஜெக்டர்தான் ஏற்றது என்று கடையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வெளிச்சம் சுவரில் இருந்து வந்தாலும் கண்ணாடியில் இருந்து வந்தாலும் வெளிச்சம்தான். இருட்டறையில் ஒரே ஒரு பளிச்சென்ற திரையைப் பார்ப்பதுதான் கண்ணுக்கு அலுப்பு. டிவியையும் இருட்டில் பார்க்கக் கூடாது, பின்னால் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

நம் கண் விஷயமோ நேர்மாறானது. வயதாக ஆகப் பாப்பா சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. இருபது வயதில் உள்ளே போன வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்கிறது. அதாவது நமக்கு வேண்டியது கூடுதல் வெளிச்சம். வீட்டை இருட்டாக்கி, மங்கலான படத்தைக் காட்டி, "உங்க கண்ணுக்காகத்தான்" என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். இரண்டாம் நாள் ராத்திரி மாத்திரை எடுக்க எழுந்தவன், தரையில் கிடந்த ஒயர் தடுக்கிச் சோபாவில் விழுந்தேன். சோபாவாக இருந்ததால் இன்று இதை எழுதுகிறேன்.

"தியேட்டரிலும் இருட்டுதானே?" என்று கேட்பார்கள். இருட்டுதான். தியேட்டர் திரையின் வெளிச்சத்துக்கு 48 நிட் என்று ஒரு நிர்ணயம் உண்டு. சாதாரண டிவியே 250, 300 நிட் தரும். அந்த 48 தியேட்டரில் போதும், ஏனென்றால் அந்தக் கட்டடமே இருட்டுக்காகக் கட்டியது. அங்கே நாம் மூன்று மணி நேரம் இருந்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். கீரை ஆய்வதில்லை, பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை, வாசலில் யார் கூப்பிடுகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதில்லை. எங்கள் பள்ளியில் பிலிம்ஸ் டிவிஷன் படங்கள் காட்ட ஒரு 16 எம்.எம். புரொஜெக்டர் இருந்தது. படம் போட வேண்டுமென்றால் காலையிலிருந்தே ஜன்னல்களில் ஜமுக்காளம் கட்டுவோம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், எனக்கும்தான். வருஷத்துக்கு நாலு தடவை என்பதால் கொண்டாட்டம். தினமும் ஜமுக்காளம் கட்டச் சொல்லியிருந்தால் மாறுதல் கேட்டுப் போயிருப்பேன்.

எண்பதுகளில் தெருவில் ஒரு வீட்டில் சாலிடேரோ டயனோராவோ இருக்கும். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்கக் கூடத்தில் இருபது பேர். விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஒருத்தி பூக்கட்டுவாள், ஒருத்தி மொச்சை உரிப்பாள், பிள்ளைகள் ஓடும். 20 இன்ச் பெட்டிதான், ஆனால் யாரையும் எழுந்து போகச் சொல்லவில்லை. டிவி நம் வீடுகளுக்குள் அப்படித்தான் வந்தது. என் அக்காவும் கையில் ஒரு வேலையோடுதான் நாற்பது வருஷமாக டிவி பார்த்திருக்கிறாள்.

புரொஜெக்டருக்கும் ஒரு நியாயம் உண்டு, சொல்லாமல் விடக்கூடாது. ரூபாய்க்கு இத்தனை இன்ச் என்று பார்த்தால் டிவி கிட்டேயே வர முடியாது; 100 இன்ச் டிவிக்கு லட்சக்கணக்கில் வேண்டும். தனி அறை இருந்து, ஜன்னலை அடைத்து, நல்ல பெட்டியும் திரையும் வாங்க வசதி இருக்கிறவர் தாராளமாக வாங்கட்டும். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை மொட்டை மாடியில் தெருவே கூடிப் பார்ப்பதற்கும் அதுதான் சரி. டிவியும் யோக்கியமில்லை. திரை போனால் ரிப்பேர் செலவு புது டிவி விலைக்கு வந்து நிற்கிறது. பின்பக்கத்து ஸ்பீக்கரில் வசனம் பாதி காதில் விழுவதில்லை, அதற்குத் தனியாக ஒரு சவுண்ட்பார் வாங்கத்தான் வேண்டும்.

அளவு கேட்பவர்களுக்கு: திரையின் மூலைக்கு மூலை அளவைப் போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமான தூரத்தில் உட்கார்ந்தால் போதும். 55 இன்சுக்கு ஏழரை அடி, 65 இன்சுக்கு ஒன்பது அடி. நம் ஹால்களில் சோபாவிலிருந்து சுவர் அதற்கு மேல் எங்கே இருக்கிறது? 100 இன்சுக்குப் பதின்மூன்றரை அடி வேண்டும். அக்கா வீட்டில் பத்தடிதான்.

கிளம்புகிற அன்று, சுவரில் சண்டைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பல்லி வில்லனின் நெற்றியில் ஏறி, வெளிச்சத்துக்கு வந்த பூச்சியைப் பிடித்துக்கொண்டு மூக்கு வழியாக இறங்கிப் போனது. அக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்துச் சிரித்தாள். அந்த நான்கு நாளில் அவள் அந்தச் சுவரைப் பார்த்தது அப்போதுதான். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "பெட்டியை மாடி அறைக்குக் கொண்டு போ, டிவியைக் கீழே கொண்டு வா, ஆணி அடிக்கிற செலவு என்னுடையது" என்று சொல்லியிருக்கிறேன். "பார்க்கலாம் மாமா" என்றான். பொங்கலுக்கு மறுபடி போகிறேன். டிவி கீழே வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.