கல்யாணம் ஆன குற்றம்

சென்ற வாரம் ஒரு மாலை, நம்மிடம் படித்த பெண் ஒருத்தி தன் தாயாருடன் நம் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி மூன்று மாதந்தான் ஆகிறது. ஆனால் காலில் மெட்டியைக் காணோம். கேட்கலாமா என்று நாம் தயங்கிக்கொண்டிருக்கையில் தாயாரே சொல்லிவிட்டார்.

"சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஆள் எடுத்தார்கள், ஸார். கல்யாணமான பெண் என்று தெரிந்தால் வாசலோடு அனுப்பிவிடுகிறார்களாம். அதற்காக மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். அப்படியும் கேட்டுத் தெரிந்துகொண்டு, போய் வா என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் இன்னோர் இடமாம். அதுவரை போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறாள்."

பெண் தலை நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஸார், இப்படிக் கேட்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?"

அழுத குழந்தைக்கு அம்பிகையே வந்து ஞானப்பால் ஊட்டினாள் என்று குளக்கரையைக் காட்டிச் சொல்லும் ஊர் நமது சீர்காழி. இங்கே உட்கார்ந்துகொண்டு, தாயாகக்கூடும் என்பதே ஒரு பெண்ணுக்குத் தகுதிக் குறைவு என்று கேட்க நேர்ந்தது. நாம் சற்று நேரம் பேசவில்லை. உத்தியோகத்தில் எல்லோருக்கும் சம சந்தர்ப்பம் என்று வகுப்பில் இவளுக்குப் பாடம் நடத்தியவர் நாமே அல்லவா?

அந்தப் பாடம் பொய்யல்ல. 1950ஆம் வருஷம் ஜனவரி 26ஆம் தேதி அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்தின் 16வது பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் முதலிய காரணங்களால் மட்டும் எந்தப் பிரஜைக்கும் சர்க்கார் உத்தியோகத்தில் பேதம் காட்டலாகாது என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. ஆனால் மறுவருஷம் நடந்ததைக் கேளுங்கள். 1951ல் ஐ.ஏ.எஸ். பரீட்சையில் தேறிய அன்னா ராஜம் என்ற பெண்மணியிடம், பெண்களுக்கு ஏற்ற வேறு இலாகா எதையாவது எடுத்துக்கொள்ளலாமே என்று பப்ளிக் சர்வீஸ் கமிஷனார் யோசனை சொன்னார்கள். அவர் இணங்கவில்லை. அவர் கைக்கு வந்த நியமன உத்தரவில், விவாகம் செய்துகொண்டால் உத்தியோகம் போய்விடும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அவர் வந்து சேர்ந்தது நமது சென்னை ராஜ்யம். முதன் மந்திரி ராஜாஜியே அவரை ஜில்லாவுக்கு அனுப்பத் தயங்கி, காரியாலயத்தில் ஒரு மேஜை கொடுக்கலாம் என்றார். அந்த அம்மையார் வாதாடி, சப் கலெக்டர் பதவியைப் பெற்றார். ராஜாஜியிடம் நமக்குள்ள மரியாதை குறையவில்லை. எனினும் இவ்விஷயத்தில் நமது ஓட்டு அந்த அம்மையாருக்கே.

இதைவிட விசித்திரமானது முத்தம்மாவின் கதை. குடகு நாட்டில் பிறந்து, சென்னை மாகாணக் கல்லூரியில் படித்த ஸி. பி. முத்தம்மா 1949ல் நமது வெளிநாட்டு சர்வீஸில் சேர்ந்த முதல் பெண்மணி. கல்யாணம் செய்துகொண்டால் ராஜினாமாச் செய்வேன் என்று அவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஏதோ வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற மிச்சம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாமா? முடியாது. சுதேச சர்க்காரே 1961ல் புதிதாக விதி இயற்றியது. பெண் உத்தியோகஸ்தர் விவாகத்துக்கு முன் சர்க்காரின் எழுத்து மூலமான அனுமதி பெற வேண்டும். கல்யாணமான பெண், உரிமை என்று நியமனம் கோர முடியாது. ஆண்களுக்கோ இந்தத் தொந்தரவு எதுவும் இல்லை. இங்கிலாந்திலோ உள்நாட்டு சிவில் சர்வீஸில் இத்தகைய தடையை 1946லேயே எடுத்துவிட்டார்கள். அங்கே வெளிநாட்டு சர்வீஸில் மட்டும் 1973 வரை அது நீடித்தது.

பதவி உயர்வில் தமக்கு அநீதி நேர்ந்தது என்று முத்தம்மா ஸுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1979ல் தீர்ப்பு. அதற்குள் சர்க்கார் அவசர அவசரமாகப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. ஒரு விதியை முன்பே எடுத்தாயிற்று, மற்றொன்றையும் எடுக்கப் போகிறோம் என்றும் சொல்லிக்கொண்டது. ஆகவே மனு தள்ளுபடியாயிற்று. ஆனால் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் சும்மா விடவில்லை. குடும்பப் பொறுப்பால் பெண்ணின் கடமைக்கு இடையூறு வருமென்றால் ஆணுக்கும் அவ்வாறே வரக்கூடாதா என்று அவர் கேட்டார்.

இதோடு தீர்ந்தது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் தொடுத்த வழக்கில், 1981ல் அதே கோர்ட்டு, முதல் கர்ப்பத்தோடு வேலை போகும் என்ற விதியை ரத்துச் செய்தது. சேர்ந்த நான்கு வருஷத்துக்குள் கல்யாணம் கூடாது என்ற விதியை மட்டும் நியாயமானதே என்று வைத்துக்கொண்டது! ராணுவ நர்ஸ் ஒருவர் விவாகம் செய்துகொண்ட காரணத்தால் 1988ல் வெளியேற்றப்பட்டார். அது தவறு என்று கூறி, 60 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி ஸுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது 2024ல்.

இவையெல்லாம் சர்க்கார் சம்பந்தப்பட்டவை. நம் மாணவி போனதோ தனியார் கம்பெனி. அரசியல் சட்டத்தின் 16வது பிரிவு அங்கே எட்டாது. 1976ஆம் வருஷத்துச் சம ஊதியச் சட்டம், ஒரே வேலைக்கு ஆள் எடுப்பதில் பெண்களுக்கு எதிராகப் பேதம் கூடாது என்றது. 2019ல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பில் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் இங்கேதான் சூட்சுமம். அச்சட்டம் ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறது. மெட்டி போட்ட பெண்ணையும் போடாத பெண்ணையும் அவ்வாறு நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. "ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கொடுத்திருக்கிறோமே!" என்று முதலாளி கையை விரித்துவிடலாம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கைப்பேசித் தொழிற்சாலை ஒன்றில் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024 ஜூன் மாதத்தில் செய்தி வந்தது. கம்பெனியார் மறுத்தார்கள், மத்திய தொழில் இலாகா நமது ராஜ்ய சர்க்காரிடம் அறிக்கை கேட்டது. விவாகத்தைக் காரணமாகக் காட்டலாகாது என்று ஒரு வரியைச் சட்டத்தில் சேர்த்துவிட்டால் இந்த வழக்காட்டமெல்லாம் எதற்கு என்பது நம் அபிப்பிராயம்.

நடவு வயலில் யாரும் மெட்டியைப் பார்ப்பதில்லை. கூலி குறைவாக இருந்தாலும் இந்தக் கேள்வி அங்கே கிடையாது. ஆனால் நடவுக்கு இயந்திரம் வந்துகொண்டிருக்கிறது. படித்த பெண்கள் ரயிலேறித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் பெண்ணுக்கு எடுத்துச் சொன்னோம். கம்பெனி கேட்ட கேள்வியைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள், தொழில் இலாகாவுக்கு ஒரு மனுப் போடலாம் என்றும் சொன்னோம். அவள் நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். தாயார் அதுவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ராணுவத்து அம்மாவுக்கு எத்தனை வருஷம் ஆச்சு என்றீர்கள், ஸார்?"

"36."

"அதற்குள் இவள் பேத்திக்கே மெட்டி போட்டுவிடுவோமே!" என்றார் அந்த அம்மாள்.