இனிப்பு மணமும் அடுத்தவர் மூச்சும்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்பேட்டைகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள் பலர் இன்று விடுதிகளில் வாழ்கின்றனர். வல்லம் வடகாலில் மட்டும் 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சம்பளப் பணத்தில் அவர்கள் விரும்பி வாங்குபவற்றுள் சென்ட் புட்டியும் ஒன்று. அதுவும் மல்லிகையோ சந்தனமோ அன்று. பஞ்சுமிட்டாயும் காய்ச்சிய சர்க்கரையும் பேரீச்சம்பழமும் மணக்கும் சென்ட்!

இதனை வீண் செலவு என்று கடிந்துகொள்ளும் பெற்றோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. நாளெல்லாம் இயந்திரத்தோடு நின்று உழைப்பவர், தம் வருவாயில் ஒரு சிறு பங்கைத் தம் மகிழ்ச்சிக்கு ஒதுக்குவது குற்றமாகாது. ஆயினும் வாங்கிய பொருளின் இயல்பை அறிந்து பயன்படுத்துதல் வேண்டும்.

தின்பண்ட மணத்தை உடலிற் பூசும் வழக்கம் பரவக் காரணமாயிருந்தது, 1992-இல் பிரான்சில் வெளிவந்த ‘ஏஞ்சல்’ என்னும் சென்ட். பஞ்சுமிட்டாய் மணம் தரும் எதில் மால்டால் என்ற செயற்கைப் பொருள் அதில் தாராளமாகச் சேர்க்கப்பட்டது. வனிலா மணமோ ஒரு கொடியின் காயிலிருந்து அரிதாகக் கிடைத்து வந்தது. 1874-இல் ஜெர்மானிய வேதியியலார் அதன் சாரத்தைச் செயற்கையாக ஆக்கிய பின்னரே அது மலிவாயிற்று. ஆகவேதான் 2022-இல் அமீரகத்து லத்தாஃபா நிறுவனம் வெளியிட்ட ‘கம்ரா’ போன்றவை, பேரீச்சையும் பட்டையும் வனிலாவும் கமழ, பிரெஞ்சுச் சென்ட்டுகளைவிட மிகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன.

பூசியவுடன் அதிலுள்ள ஆல்கஹால் ஆவியாகிவிடும். இலேசான பழமணம் கால் மணி நேரத்தில் மறையும். பட்டையின் காரமணம் சிறிது நேரம் நிற்கும். வனிலாவும் சர்க்கரையுமோ எளிதில் ஆவியாகாதவை. துணியில் மறுநாளும் தங்கும். குளிர்நாட்டில் இதமாக இருக்கும் இம்மணம், நம் சித்திரை வெயிலில் உடற்சூட்டால் பொங்கியெழுந்து திகட்டிவிடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரே மணத்தைத் தொடர்ந்து முகரும் மூக்கு, சிறிது நேரத்தில் அதனை உணராது போகும். பூசியவர், மணம் போய்விட்டதென எண்ணி மீண்டும் தெளிக்கிறார். சன்னல் அடைத்த ஷிப்டு பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவருக்கோ அது சிறிதும் போகவில்லை! இரவு வேலை முடித்துக் களைத்தவருக்குத் தலைவலியும், இழைப்பு நோய் உள்ளவருக்கு மூச்சுத்திணறலும் உண்டாகலாம். ஞாயிறு பூசையில் நம்மருகே முழந்தாளிடுபவருக்கும் இதே இடர்தான்.

ஆதலின், குளித்து ஈரம் துவட்டியபின் ஒரே ஒரு தெளிப்புப் போதும். புதிய சென்ட்டை முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, ஒரு நாள் பொறுத்து, அரிப்பு உண்டா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிர்நிறச் சீருடையில் தெளிக்க வேண்டா; வனிலாச் சாரம் நாளடைவில் பழுப்புக் கறையாகும். எரியும் அடுப்பருகிலும் தெளித்தலாகாது. மின்னணுக் கருவிகள் செய்யும் தூய அறைகளிலும், கார்களுக்கு வண்ணம் பூசும் கூடங்களிலும் வாசனைப் பூச்சுகளுக்குத் தடையிருப்பதுண்டு. சிலிக்கோன் கலந்த பூச்சு சிறிது பட்டாலும் வண்ணத்தில் குழிகள் விழும். அவ்விடங்களில் பணிபுரிவோர் சென்ட்டை விடுமுறை நாளுக்கென வைத்துக்கொள்வதே நன்று.

பெற்றோரே, புட்டியைக் கண்டதும் சினவாதீர். பிள்ளை தன் உழைப்பால் வாங்கியது அது. அளவை மட்டும் அன்போடு சொல்லிக்கொடுங்கள். மணம் பூசியவருக்கு உரியது. காற்றோ எல்லார்க்கும் பொது.