ஷிமானோவா, ஸ்ராமா? கடைக்காரர் கேட்க வேண்டிய கேள்வி வேறு

மவுண்டன் பைக் எனப்படும் மலைச் சைக்கிள்கள் இன்று நமது சைக்கிள் கடைகளில் தனி வரிசை பிடித்து நிற்கின்றன. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது சைக்கிளை மறந்திருந்த பலரும் மீண்டும் அதன் பக்கம் திரும்பியதை நாம் கண்டோம். வண்டி விற்ற அன்றோடு வியாபாரம் முடிவதில்லை. செயின் தேயும், பிரேக் பேட் தேயும், கியர் இழுபடும். அப்போது வாடிக்கையாளர் திரும்பி வருவது வண்டியைத் தயாரித்த கம்பனியிடமல்ல, விற்ற கடைக்குத்தான்.

கியரிலும் பிரேக்கிலும் ஷிமானோ சிறந்ததா, ஸ்ராம் சிறந்ததா என்று இளைஞர்கள் ஓயாமல் விவாதிக்கின்றனர். கடைக்காரரிடமும் அதையே கேட்கின்றனர். அவரும் தன்னிடம் எது இருக்கிறதோ அதைச் சிறந்தது என்று கூறிவிடுகிறார். என்னைப் பொறுத்தவரை இரண்டும் நல்ல பொருட்களே. ஆனால் வியாபாரி தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. "இன்று நான் விற்கும் இந்தப் பொருள் மூன்று வருடம் கழித்துத் தேய்ந்து வந்தால், அதற்குரிய பாகத்தை என்னால் கொடுக்க முடியுமா?" என்பதே அக்கேள்வி.

இரண்டு கம்பனிகளின் கதை

ஷிமானோ 1921இல் ஜப்பானின் சக்காய் நகரில் ஆரம்பமானது. கத்திகளுக்கும் இரும்பு வேலைக்கும் பேர்போன ஊர் அது. முதலில் செய்த பொருள் ஒரு சாதாரண ப்ரீவீல். 1982இல் மலைச் சைக்கிளுக்கென்றே தியோர் எக்ஸ்.டி. என்ற முழுத் தொகுதியை வெளியிட்டது. இன்று மிகக் குறைந்த விலை வண்டியிலிருந்து மிக உயர்ந்த விலை வண்டி வரை எல்லாப் படியிலும் அதன் பொருள் உண்டு.

ஸ்ராம் 1987இல் அமெரிக்காவின் சிக்காகோவில் தோன்றியது. கைப்பிடியைத் திருகிக் கியர் மாற்றும் கிரிப் ஷிப்ட் என்ற ஒரே பொருளுடன் சந்தைக்கு வந்தது. ஷிமானோவின் முழுத் தொகுதியை வாங்கும் சைக்கிள் உற்பத்தியாளருக்குக் கழிவு கிடைத்ததால், புதிய கம்பனியின் ஒரு பாகத்தை மட்டும் வாங்க எவரும் முன்வரவில்லை. இது நியாயமற்ற போட்டி என 1990இல் ஸ்ராம் வழக்குத் தொடர்ந்தது. வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமாதானமாக முடிந்தது. அதன் பின்னர் 1997இல் ஜேர்மனியின் சாக்ஸ் கம்பனியின் சைக்கிள் பாகப் பிரிவையும், 2002இல் ரொக்ஷொக்ஸையும், 2004இல் பிரேக் செய்யும் அவிட்டையும் வாங்கி ஸ்ராம் பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

மூன்றாவதாக ஒரு பெயரும் உண்டு. இன்று எல்லா வண்டிகளிலும் காணப்படும் சாய்வான பின் கியர் மாற்றியை 1964இல் கண்டுபிடித்தது சன்டூர் என்ற மற்றொரு ஜப்பானியக் கம்பனி. 1984இல் அதன் காப்புரிமை முடிவடைந்தது. ஷிமானோ அதே வடிவத்தை எடுத்து, ஷிப்டர், செயின், கேபிள் அனைத்தும் ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்து, ஒரு "கிளிக்" சத்தத்தில் கியர் மாறும் முறையை அறிமுகப்படுத்தியது. சில வருடங்களிலேயே பழைய சன்டூர் நிலைகுலைந்து வேறு கைக்கு மாறியது. நல்ல பொருளைத் தனியாகச் செய்தவர் தோற்றார், பொருந்தும் தொகுதியாகக் கொடுத்தவர் வென்றார் என்பதே இதிலுள்ள வியாபாரப் பாடம். சில்லறைக் கடைக்கும் இப்பாடம் பொருந்தும்.

கியரில் கலப்படம் ஆகாது

எட்டு கியர் வரையுள்ள சாதாரண வண்டிகளில் கவலை குறைவு. ஷிமானோ கேசட்டில் தாய்வானின் கே.எம்.சி. செயின் போட்டாலும் நன்றாகவே ஓடும். அதற்கு மேலே போகப் போக வழி பிரிந்துவிடுகிறது.

முதலாவது, ஒரு கிளிக்குக்கு ஷிப்டர் எவ்வளவு கேபிளை இழுக்கிறது என்ற அளவு இரு கம்பனிகளிலும் வேறுபட்டது. ஸ்ராம் ஷிப்டரை வைத்து ஷிமானோ பின் கியர் மாற்றியை இயக்கினால் கியர் தன் இடத்தில் நிற்காது. எந்த மெக்கானிக்காலும் அதைச் சரிசெய்ய முடியாது. இரண்டாவது, பின் சக்கரத்தில் கேசட் ஏறும் ப்ரீஹப். பழைய ஷிமானோ வகை ஒன்று. ஸ்ராம் 2012இல் கொண்டுவந்த எக்ஸ்.டி. வகை இன்னொன்று. ஷிமானோ 2018இல் பன்னிரண்டு கியருடன் கொண்டுவந்த மைக்ரோ ஸ்ப்ளைன் மூன்றாவது. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை.

ஸ்ராம் 2016இல் ஈகிள் என்ற பெயரில் முன்னால் ஒரே பல்சக்கரமும் பின்னால் பன்னிரண்டும் கொண்ட தொகுதியை வெளியிட்டு மலைச் சைக்கிள் உலகையே மாற்றியது. ஷிமானோ இரண்டு வருடம் பிந்தித்தான் வந்தது. ஸ்ராம் ரசிகர்கள் பெருமைப்படுவதில் நியாயமுண்டு. அதிலும் என்.எக்ஸ்., எஸ்.எக்ஸ். என்ற கீழ்ப்படி ஈகிள் கேசட்டுகள் பழைய ஷிமானோ வகை ப்ரீஹப்பிலேயே ஏறுவது கடைக்காரருக்குப் பெரிய வசதி. ஷிமானோவின் பன்னிரண்டு கியர் தியோருக்கோ மைக்ரோ ஸ்ப்ளைன் சக்கரம் வேண்டும். அத்துடன் 2019இல் ஸ்ராம் வெளியிட்ட பொதுவான ஹேங்கர் வடிவத்தை மற்றக் கம்பனிகளும் தமது பிரேம்களில் பயன்படுத்த இடம் கொடுத்தமை ஹேங்கர் தேடி அலையும் கடைகளுக்குச் செய்த நன்மையாகும்.

மறுபக்கத்தில், 2023இல் சந்தைக்கு வந்த ஷிமானோவின் கியூஸ் வரிசையை நமது சிறு வியாபாரிகள் கூர்ந்து கவனிக்க வேண்டும். அல்டஸ், அசெரா, அலிவியோ என்று பிரிந்து கிடந்த நடுத்தரப் பொருட்களின் இடத்துக்கு ஒன்பது, பத்து, பதினொரு கியர்களில் ஒரே குடும்பமாக அது வந்துள்ளது. அதன் பத்து, பதினொரு கியர் பாகங்களில் பயன்படும் லிங்க்கிளைட் பல்சக்கரம் பழையதைவிட மூன்று மடங்கு உழைக்கும் என்பது கம்பனியின் கூற்று. கம்பனியின் கூற்றை அப்படியே வாடிக்கையாளரிடம் ஒப்புவிக்கத் தேவையில்லை. எனினும் எடை குறைவதைவிட உழைப்பு கூடுவதே நமது வாடிக்கையாளருக்குத் தேவை. லிங்க்கிளைட்டும் பழைய ஹைப்பர்கிளைட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பதையும், ஒன்பது கியர் கியூஸ் பழைய வகைக் கேசட்டையே பாவிக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிரேக்கில் விளையாட்டில்லை

கியர் பிழைத்தால் வாடிக்கையாளர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். பிரேக் பிழைத்தால் அவர் வராமலே போகலாம். நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் இறங்கும் பாதையைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக்கில் முதலில் பார்க்க வேண்டியது பிராண்டை அல்ல, உள்ளே இருக்கும் ஒயிலை. ஷிமானோ, தாய்வானின் டெக்ட்ரோ, அதன் உயர்தர வகையான டி.ஆர்.பி., ஜேர்மனியின் மகுரா ஆகியவை மினரல் ஒயிலைப் பாவிக்கின்றன. இங்கிலாந்தின் ஹோப், அமெரிக்காவின் ஹேய்ஸ் ஆகியன டொட் எனப்படும் பிரேக் திரவத்தில் பெயர் பெற்றவை. ஸ்ராமும் நீண்ட காலம் டொட் திரவத்தையே பாவித்தது. ஆனால் 2022இல் வந்த டி.பி.8, 2024இல் வந்த மேவன் ஆகிய ஸ்ராம் பிரேக்குகள் மினரல் ஒயிலுக்கு மாறியுள்ளன. எனவே "ஸ்ராம் என்றால் டொட்" என்று மனப்பாடம் செய்துள்ள மெக்கானிக் இனி ஒவ்வொரு லீவரிலும் எழுதியிருப்பதை வாசித்துத்தான் ஆக வேண்டும்.

இந்த இரண்டும் ஒன்றுக்கு மற்றொன்று மாற்றல்ல. டொட் பிரேக்கின் ரப்பர் சீல் மினரல் ஒயிலைத் தாங்காது. மினரல் பிரேக்கின் சீல் டொட் திரவத்தைத் தாங்காது. மாற்றி ஊற்றினால் சீல் ஊதிப் பழுதாகி லீவர் செயலிழக்கும். பஞ்சிகாவத்தையிலும் ஒவ்வொரு ஊரின் மோட்டார் சைக்கிள் கடையிலும் டொட் 4 சுலபமாகக் கிடைக்கிறது. கிடைக்கிறதே என்று ஷிமானோ பிரேக்கில் அதை ஊற்றுவது வாடிக்கையாளரின் பிரேக்கைக் கொல்வதாகும். தையல் இயந்திர ஒயிலும் இதற்கு மாற்றல்ல. ஒவ்வொரு கம்பனியும் குறிப்பிடும் ஒயிலையே ஊற்ற வேண்டும்.

டொட் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4இன் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் சேர்ந்தபின் இருக்க வேண்டிய ஆகக்குறைந்த அளவு 155 பாகையாக இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் சூடாகித் திரவம் கொதித்தால் லீவர் கைப்பிடி வரை வந்தும் வண்டி நிற்காது. நம்மைப் போன்ற ஈரப்பதம் மிக்க நாட்டில் டொட் பிரேக்கை விற்பவர், காலத்துக்குக் காலம் திரவத்தை மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லியே விற்க வேண்டும். மினரல் ஒயில் ஈரத்தை உறிஞ்சுவதில்லை, பெயின்ட்டையும் அரிக்காது. சாதாரணப் பாவனையாளருக்கு அதுவே பொருத்தம் என்பது எனது கருத்து.

ஷிமானோவிலும் குறை இல்லாமலில்லை. அதன் பிரேக் லீவரோ கலிப்பரோ உள்ளே பழுதானால், பிஸ்டனையும் சீலையும் தனியாக வாங்கி மாற்றக் கம்பனி வழி வைக்கவில்லை. முழுதாகவே மாற்ற வேண்டும். ஸ்ராமும் ஹோப்பும் உட்பாகங்களைத் தனியாக விற்கின்றன. அதேவேளை 2010களின் நடுப்பகுதியில் வந்த ஸ்ராம் கைட் பிரேக்குகள் சிலவற்றில், வெப்பத்தில் லீவரின் உள் பிஸ்டன் ஊதி இறுகிக்கொள்ளும் பிரச்சினை இருந்தது. கம்பனி உத்தரவாதத்தின் கீழ் மாற்றிக் கொடுத்தது. அந்த லீவருடன் பழைய வண்டி ஒன்று உங்களிடம் விற்பனைக்கு வந்தால், வெயிலில் வைத்து லீவர் திரும்பி வருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முதல் எங்கே தேங்குகிறது?

நமது கடைகள் பலவற்றில் நடப்பது இதுதான். கேட்பவருக்கெல்லாம் இருக்க வேண்டுமென்று எல்லா பிராண்டிலும் ஒவ்வொன்று வாங்கி வைக்கிறோம். மூன்று ப்ரீஹப்புக்கு மூன்று கேசட், நான்கு வகை பேட், இரண்டு வகை ஒயில். ஒன்றும் முழுமையாக இல்லை. சில்லறையாக வாங்குவதால் விலையும் கூடுகிறது. இரண்டு வருடத்தில் கம்பனி மாதிரியை மாற்றிவிட்டால் சரக்கு அலுமாரியில் உறங்குகிறது. கடன்பட்டு வாங்கிய முதலும் அதனுடன் உறங்குகிறது.

ஆகவே ஒரு குடும்பத்தை முதுகெலும்பாகத் தெரிவுசெய்யுங்கள். சிறிய கடையென்றால் கியரில் ஷிமானோவின் எட்டு கியர் வகையும் கியூஸும், பிரேக்கில் ஷிமானோவும் டெக்ட்ரோவும் போதும். பெரும்பாலான வண்டிகளை அதுவே சமாளிக்கும். தாய்வானின் மைக்ரோஷிப்டும் கவனிக்கத்தக்கது. அதன் அட்வென்ட் தொகுதிகள் பழைய வகை ப்ரீஹப்பிலேயே ஏறுகின்றன. ஸ்ராம் விற்க விரும்புபவர் தாராளமாக விற்கலாம். ஆனால் செயின், ஹேங்கர், பேட், உரிய திரவம், லீவர் உட்பாகங்கள் எல்லாவற்றுக்கும் இடமும் முதலும் ஒதுக்கிவிட்டு இறங்க வேண்டும். அரைகுறையாக இறங்குவது நட்டம்.

தேயும் பொருளில் முதலை அதிகம் போடுங்கள். செயின் தேய்வு பார்க்கும் அளவுகோல் ஒன்றைக் கடையில் வையுங்கள். பதினொன்று, பன்னிரண்டு கியர் வண்டியில் தேய்வு 0.5 வீதத்தை எட்டியதும் செயினை மாற்றினால், விலைகூடிய கேசட் தப்பும். இதைச் சொல்லும் கடைக்காரர் ஒரு கேசட் விற்பனையை இழக்கலாம். ஆனால் ஒரு வாடிக்கையாளரை ஆயுள் முழுவதும் பெற்றுக்கொள்வார். டிஸ்க்கையும் பாருங்கள். ஷிமானோவின் சில மலிவு டிஸ்க்குகளில் ரெசின் பேட் மட்டுமே போட வேண்டுமென்று பொறிக்கப்பட்டிருக்கும். அதற்கு உலோக பேட் போட்டால் டிஸ்க்கை அது தின்றுவிடும்.

"வாடிக்கையாளர் பெரிய பெயரைத்தானே கேட்கிறார், நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடை கொடுக்குமே" என்று சிலர் கூறலாம். கொடுக்கட்டும். பேட் தேய்ந்து பக்கத்துக் கடையில் "ஸ்டொக் இல்லை" என்ற பதிலைக் கேட்ட பிறகு அவர் உங்களைத் தேடி வருவார்.

அமானிதம்

இறுதியாக, பெயர் பெற்ற பிராண்டுகளின் போலிகள் செயினிலும் பேட்டிலும் உலகச் சந்தையில் தாராளமாக உலாவுகின்றன. பெட்டியும் எழுத்தும் அசலைப் போலவே இருக்கும். வழமையைவிட மிக மலிவாக வருகிறதென்றால் சந்தேகியுங்கள், அனுமதி பெற்ற விநியோகஸ்தரின் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். மலிவான பொருளை அதன் சொந்தப் பெயரில், மலிவானது என்று சொல்லி விற்பதில் தவறில்லை. குறைந்த வருமானமுள்ளவருக்கு அதுவும் தேவை. போலியை அசலென்று விற்பதே ஹராம். பொருளின் குறையை மறைத்து விற்கக்கூடாது என்பது மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த வியாபார ஒழுக்கத்தின் அடிப்படை. ஒருவருடைய பிள்ளை மலையிலிருந்து இறங்கும்போது பிடிக்கப்போகும் பிரேக் விடயத்தில் அந்த ஒழுக்கம் இன்னும் கூடுதலாகப் பேணப்பட வேண்டும்.

ஷிமானோவும் ஸ்ராமும் தத்தமது பெயரைத் தாமே காப்பாற்றிக்கொள்ளும். நமது கடையின் பெயரை நாமேதான் காப்பாற்ற வேண்டும். அல்லாஹ் நமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.