அந்த ‘இட்’ யார்?



2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. லிட்டில் இந்தியா ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தில் அடிபட்டு இறந்தார். கலவரம் மூண்டது. 25 பேர் மீது வழக்கு. 57 பேரை அரசு வழக்கே இல்லாமல் நாடு கடத்தியது.

இத்தகைய நிகழ்வுகளைப் பற்றிய ஆங்கில அறிக்கைகள் எப்படித் தொடங்கும், கவனித்திருக்கிறீர்களா? ‘இட் இஸ் ரிக்ரெட்டபிள் தட்...’, ‘இட் வாஸ் நெசசரி டு...’. வருந்துவது யார்? அவசியம் என்று முடிவு செய்தது யார்? அந்த ‘இட்’டுக்குப் பெயரில்லை, பதவியில்லை, முகவரியில்லை. எந்த வழக்கறிஞராலும் அதைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. கருத்து யாரோ ஒருவருடையது. வாக்கியத்திலோ ஊரறிந்த உண்மைபோல் நிற்கிறது!

‘வருந்தத்தக்கது’ என்று எழுதி நாமும் அதே தவற்றைச் செய்கிறோம். மனிதவள அமைச்சுக்கு மனு எழுதும்போது ‘சம்பளம் வழங்கப்படாதது வருந்தத்தக்கது’ என்று எழுதாதீர்கள். ‘முதலாளி எனக்கு மூன்று மாதச் சம்பளம் தரவில்லை’ என்று எழுதுங்கள். வரும் பதிலில் ‘இட்’ இருந்தால், யார் அது என்று திருப்பிக் கேளுங்கள்.

பெயரில்லாத எழுவாய்க்குப் பின்னால்தான் பொறுப்பு ஒளிந்துகொள்கிறது!