வாகனமும் நாமும்: வீட்டில் பிறேக் பாட் மாற்றுவது எப்படி?



ஊரில் சைக்கிளுக்குப் பிறேக் கட்டை மாற்றாத கை எம்மிடையே குறைவு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்களும் எம்மவர்களே. அந்தக் கைப்பழக்கம் டென்மார்க்கிலும் உதவுகிறது. இங்கு கார் பதிவு வரி மிக அதிகம். 1990களில் குறித்த விலைக்கு மேற்பட்ட பகுதிக்கு 180 வீதம் அறவிடப்பட்டது. இப்போது அதன் உச்ச வீதம் 150. ஆகவே புதிதாகக் குடியேறும் குடும்பம் பழைய காரைத்தான் வாங்குகிறது. கராஜ் கூலியை மிச்சம் பிடிக்கவும் நினைக்கிறது.

சொந்தக் காரைத் தானே திருத்துவதில் தவறில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. மொறிஸ் மைனரின் நான்கு சில்லுகளிலும் இருந்தது ட்ரம் பிறேக். இங்குள்ள கார்களின் முன்சில்லுகளில் இருப்பது டிஸ்க் பிறேக். சில்லோடு சுற்றும் இரும்புத் தட்டை இரு பக்கமும் இரண்டு பாட்கள் நெரிக்கின்றன. பெடலை மிதித்ததும் பிறேக் ஒயில் பிஸ்ரனைத் தள்ள, பிஸ்ரன் பாட்டைத் தள்ளும். இதை விளங்கிக்கொண்டால் வேலையின் பாதி முடிந்தது.

எப்போது மாற்றுவது? புதிய பாட்டின் உராயும் பகுதி ஏறக்குறைய 10 முதல் 12 மில்லிமீற்றர் தடிப்பு. அது 3 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்றிவிடுங்கள். கட்டாயப் பரிசோதனையான 'சூன்' வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். புதிய காருக்கு அது 4 ஆண்டுகளிலும், பின்னர் 2 ஆண்டுகளுக்கு ஒரு தடவையும்தான் வரும். இடையில் பாட் தேய்ந்து முடியலாம். குளிர்கால ரயர் பூட்டச் சில்லைக் கழற்றும்போதே பாட்டையும் பார்ப்பது நல்ல வழக்கம்.

கடையில் 'பிறெம்ஸகுளொஸர்' என்று கேளுங்கள். இலக்கத் தகட்டின் எண்ணைச் சொன்னால் உங்கள் காருக்குரியதை எடுத்துத் தருவார்கள். இடம், வலம் இரண்டுக்கும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிறேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

இனி முன்சில்லு வேலையைப் பார்ப்போம்.

1. சமதரையில் நிறுத்தி, கைப்பிறேக்கை இழுத்து, பின்சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். சில்லு போல்ட்களைக் கார் தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்துங்கள். ஜக்கினால் உயர்த்தியதும் உறுதியான தாங்கி வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி உடம்பைக் காருக்குக் கீழே கொடுக்க வேண்டாம்.

2. ஒரு பக்கத்தை முடித்த பின்பே மறுபக்கத்தைக் கழற்றுங்கள். எது எங்கே இருந்தது என்று சந்தேகம் வந்தால் மறுபக்கத்தைப் பார்க்கலாம்.

3. கலிப்பரின் போல்ட்களைக் கழற்றி, கலிப்பரைத் தூக்கிக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். பிறேக் ஹோஸில் அதன் பாரம் விழக் கூடாது.

4. பழைய பாட்கள் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று அதிகம் தேய்ந்திருந்தால் கலிப்பர் இறுகியிருக்கலாம். இங்கு குளிர்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பினால் இது அடிக்கடி நேரும். காரணத்தைத் தீர்க்காமல் புதிய பாட் போட்டால் அதுவும் அப்படியே தேயும். டிஸ்க்கின் தடிப்பையும் அளந்து பாருங்கள். ஆகக் குறைந்த அளவு பெரும்பாலும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

5. தூசியை வாயால் ஊத வேண்டாம்; பிறேக் கழுவும் திரவத்தால் கழுவுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் அஸ்பெஸ்ரஸைத் தடைசெய்தது 2005இல். மிகப் பழைய கார்களில் அது இருந்திருக்கலாம்.

6. பிறேக் ஒயில் போத்தலின் மூடியைத் திறந்துவைத்து, பிஸ்ரனை மெதுவாக, நேராக உள்ளே தள்ளுங்கள். ஒயில் மேலே எழும். வழிந்து பெயின்ற்றில் பட்டால் பெயின்ற் கெடும். புதிய பாட்டின் உராயும் முகத்தில் எண்ணெயோ கிறீஸோ படக் கூடாது. போல்ட்களைக் கைநூல் குறித்த அளவுக்கு இறுக்குங்கள்.

7. சில்லைப் பூட்டிக் காரை இறக்கி, போல்ட்களைக் குறுக்கு ஒழுங்கில் இறுக்குங்கள். மூடியையும் மூடிவிடுங்கள்.

இனிச் சொல்வதுதான் முக்கியமானது. காரை நகர்த்துமுன், பெடல் கல்லுப்போல் இறுகும் வரை பல தடவை மிதியுங்கள். உள்ளே தள்ளிய பிஸ்ரனுக்கும் பாட்டுக்கும் இடையில் இப்போது வெளி இருக்கிறது. முதல் மிதி அந்த வெளியை நிரப்பத்தான் போதும். மிதிக்காமல் புறப்பட்டால், முதல் திருப்பத்தில் பெடல் அடிவரை போகும், கார் நிற்காது. பெடல் இறுகிய பின்பு ஒயில் மட்டத்தைப் பார்த்து, ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிச் சோதியுங்கள். முதல் 300 கிலோமீற்றருக்குத் திடீரென்று பலமாகப் பிடிப்பதைத் தவிருங்கள்.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் கார் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் போகிறது. எங்கள் பிள்ளைகளும் அயலவர் பிள்ளைகளும் சைக்கிளில் பாடசாலை போகும் நாடு இது. வாகனத்தை நல்ல நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் சட்டக் கடமை. வேலையை வீட்டில் செய்தாலும் அந்தப் பொறுப்புக் குறையாது.

ஆகவே சில இடங்களில் கையை எடுத்துவிட வேண்டும். மின் கைப்பிறேக் உள்ள காரின் பின்சில்லு, மிதித்தும் பஞ்சுபோல் இருக்கும் பெடல், ஒயில் கசிவு, வெடித்த ஹோஸ் ஆகியவை கராஜுக்குரியவை. முதல் தடவை செய்பவர், செய்து பழகிய ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் வரிக்குக் காட்டாமல் கூலி கொடுத்துச் செய்விப்பது கறுப்பு வேலை. அது இருவருக்கும் வில்லங்கம்.

மாடிக் குடியிருப்பில் வசிப்போர் வாகனத் தரிப்பிடத்தில் திருத்த அனுமதி உண்டா என்று வீட்டு விதிகளைப் பாருங்கள். பழைய பிறேக் ஒயிலை வடிகாலில் ஊற்றாமல் மாநகரக் கழிவு மீள்பயன்பாட்டு நிலையத்தில் ஒப்படையுங்கள்.

இது ஆண்களுக்கு மட்டும் உரிய பாடம் என்று தாய்மார் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 1888இல் ஜேர்மனியில் பேர்த்தா பென்ஸ் தன் இரு மகன்மாருடன் முதல் நெடும்பயணம் போனபோது, தேய்ந்த பிறேக் கட்டைகளுக்கு வழியில் சப்பாத்துத் தைப்பவரைக் கொண்டு தோல் அடிப்பித்தார் என்பர். பிறேக்கின் குறையைக் கண்டு உடனே சரிசெய்வித்த அந்தத் தாயின் கவனம் எங்கள் எல்லோருக்கும் வேண்டும்.

அடுத்த இதழில் குளிர்கால ரயர் பற்றிப் பார்ப்போம்.